குளிர்க் கிருமிகளுக்குக் காவல் இருந்தவர்

அந்த அம்மா முதன்முதலாக என் கடைக்கு வந்தது ஒரு மே மாத மதியத்தில். கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து நாலு கடை தள்ளி எனக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை இருந்தது. எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஃப்ரிட்ஜ் என்பது டாக்டர்களிடமும் மருந்துக் கடைகளிலும் சில பெரிய ஹோட்டல்களிலும்தான் இருக்கும். கடைக்கு வருகிற முகங்கள் எல்லாமே எனக்குப் பழக்கமானவை. இவர் புதிது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு, சாதாரண நூல் சேலை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், நெற்றி வேர்வை கழுத்து வரை வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கைகளாலும் ஒரு பெரிய தெர்மாஸ் ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“பாய், உங்க கடையில ஓடுற ஃப்ரிட்ஜ் ஏதும் இருக்கா?”

விலைக்குக் கேட்கிறார் என்று நினைத்து இல்லை என்றேன்.

“வாங்க வரல. எங்க காலேஜ் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சு. சாயந்தரம் வரைக்கும் கரண்ட் வராதாம். இதக் கொஞ்சம் உள்ள வைக்கணும். ஐஸ் கரைஞ்சுக்கிட்டு இருக்கு.”

ஒரு டாக்டர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் ஏற்றி, சோதனைக்கு ஓடவிட்டிருந்தேன். ஏதோ அவசர மருந்து போலிருக்கிறது என்று கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து, கரைந்த ஐஸ் தண்ணீருக்குள்ளிருந்து விரல் கனமுள்ள கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார். குழாயின் வாயில் பஞ்சு அடைத்து, அதன்மேல் மெழுகுத் தாள் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே சாய்வாக உறைந்த ஜெல்லி, அதன்மேல் வெள்ளையாக ஒரு பூச்சு. எல்லாவற்றையும் ஒரு டம்ளரில் நிறுத்தி உள்ளே வைத்தார். பையிலிருந்து தெர்மாமீட்டர் எடுத்துத் தட்டில் படுக்க வைத்தார். பிறகு ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, ஃப்ரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“என்ன மருந்துங்க?” என்றேன்.

“மருந்து இல்ல பாய். கிருமி.”

நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் அதைக் கவனித்தார்.

“மனுசருக்கு ஒண்ணும் செய்யாது. குப்பையத் திங்கிற கிருமி. நம்ம ஊர்க் குப்பையில இருக்கிறதுக்குச் சூடு வேணும், குளிர்ல முடங்கிப் போகும். இது குளிர்லயும் வேலை செய்யும். கொடைக்கானலுக்கு மேல பனி உறையிற பள்ளத்துல, எலைக்கடியில கெடந்த மண்ணுல இருந்து எடுத்தது.”

“மதுர வெயில்ல வச்சா?”

“ரெண்டு மூணு நாள். செத்துப் போயிரும்.”

நீங்கள் போய்விட்டுச் சாயந்தரம் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். “இல்ல பாய், நான் இருக்கேன்” என்றார். இருந்தார். கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை அந்த ஸ்டூலிலேயே ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி சாப்பிட்டார். தெர்மாமீட்டரைப் பார்க்க மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்தார். இப்படித் திறந்து திறந்து பார்த்தால் குளிர் நிற்காது என்று நான் சொன்ன பிறகு, திறப்பதை நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது நின்று நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் வாட்சைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். கல்லூரிக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று ஐந்து மணிக்குத் தகவல் வந்த பிறகுதான் எழுந்தார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். அவர் ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தால் அதன் பக்கத்தைவிட்டு நகர மாட்டார்.

அவர் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். வகுப்பெடுக்கிற பேராசிரியர்கள் வேறு. ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இலையை வெட்டிக் காட்டுவதும் மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுப்பதும் இவர் வேலை. ஊர் சோழவந்தான் பக்கம். சொந்த நிலம் ஒரு சென்ட்கூட இல்லாத கூலிக் குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்திருக்கிறார். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவர்தான். இவர் கையால் கொடுத்தால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத இரண்டு பேர் அந்தத் துறையிலேயே இருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. இவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குப்பை டீச்சர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். நான் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு கல்லூரி ஃப்ரிட்ஜைப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பழைய பெட்டி அது, வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றுவிடும். கரண்ட் போன நாட்களில் அவரே ஐஸ் ஃபேக்டரியிலிருந்து சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தை ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜுக்குள் அடுக்குவார். ஐஸ் தீரும் வரை பக்கத்திலேயே இருப்பார். சனி, ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது.

ஒருமுறை பழங்காநத்தத்தில் ஒரு வீட்டுக்கு ரிப்பேருக்குப் போய்விட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். தெரு முனையில் குப்பை மலைபோல் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு அம்மா குந்தி உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டு, முழங்கை வரை கையைக் குப்பைக்குள் விட்டிருந்தார். தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனார்கள். டீச்சரம்மாதான்.

“பாய், இங்க வாங்க. கைய விட்டுப் பாருங்க. சுடுது.”

நான் சைக்கிளைவிட்டு இறங்கினேன். கையை விடவில்லை.

“சோத்துப் பானை கணக்கா சுடுது. நம்ம ஊர்ல குப்பை தானா அடுப்புப் பத்த வச்சுக்கிரும். குளிர்ப் பிரதேசத்துல மொத அடுப்பப் பத்த வைக்க ஆள் கெடையாது. அதனால குப்பை அப்படியே கெடக்கும். மாசக்கணக்கா, வருசக்கணக்கா. நம்ம கிருமி அங்க போனா மொதச் சூட்டக் கெளப்பி விட்டுரும். அதுக்கப்புறம் மத்தது முழிச்சுக்கிரும்.”

அவர் கையை எடுத்தார். அதைத் துடைக்கக்கூட இல்லை. அவர் முகம் சுளித்து நான் பார்த்ததே கிடையாது.

மதுரையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் பனிமலைக் குப்பை எப்படிப் போனால் என்ன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒருநாள் கல்லூரியில் தெர்மோஸ்டாட் மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். குழாய்களை ஒரு பக்கெட் ஐஸில் நிறுத்தி, அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி. ஆறு வயது இளையவன். அம்மா கொடிக்காலுக்குப் போனதால் இவர் இடுப்பில் வளர்ந்தவன். ஐ.டி.ஐ.யில் சேர்த்து வெல்டர் வேலை படிக்க வைத்தது இவர்தான். லடாக் பக்கம் இரும்புப் பாலம் கட்டுகிற ஒரு கான்ட்ராக்டர், இங்கிருந்து வெல்டர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது அவனும் போனான். அங்கே குளிர்காலத்தில் பாதை மூடிவிடும். மெஷின்களுக்குக் காவலாகப் பத்துப் பேரைத் தகரக் கொட்டகையில் விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் அவனும் ஒருவன்.

“பாதை மூடுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு லெட்டர் வந்துச்சு. வேடிக்கையாத்தான் எழுதியிருந்தான். அக்கா, இங்க ஒண்ணுமே அழுகாது, போன மாசம் வீசுன முட்டைக்கோஸ் மட்டை இன்னைக்குப் பறிச்ச மாதிரி கெடக்கு, நாங்க வெளிய போறதெல்லாம் கொட்டகைக்குப் பின்னால கல்லு மாதிரி நிக்குது, நாத்தமே இல்ல, நீ வந்தா ஆச்சரியப்படுவன்னு.”

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “அப்புறம்?” என்றேன்.

“பனி உருகுச்சு பாய். அம்புட்டும் ஒண்ணா உருகி ஓடையில எறங்கிருச்சு. அந்த ஓடைத் தண்ணியத்தான் குடிச்சிருக்காங்க. ஆறு பேருக்கு டைஃபாய்டு. பாதை தொறக்க இன்னும் நாள் கெடந்துச்சு. ரெண்டு பேர் போயிட்டாங்க. ஒருத்தன் எங்க தம்பி. அங்கயே எரிச்சுட்டாங்க. ஒரு டிரங்குப் பெட்டியும் ரெண்டு வரியில ஒரு லெட்டரும் வந்துச்சு. எந்தத் தேதியில செத்தான்னுகூட அதுல இல்ல.”

கையில் இருந்த பெரிய வாட்ச் அந்த டிரங்குப் பெட்டியில் வந்தது. அதை அவர் தினமும் சாவி கொடுத்து ஓடவைத்துக்கொண்டிருந்தார்.

“குளிர்ல கிருமி தூங்கிரும்னு நானே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கேன். தூங்காத கிருமி ஒண்ணு அங்க இருந்திருந்தா, அந்தக் குவியல் கல்லா நிக்காம மண்ணா ஆகியிருக்கும்ல. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

நான் தெர்மோஸ்டாட்டை மாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்த ஃப்ரிட்ஜுக்கு எப்போது கூப்பிட்டாலும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

முதலில் இரண்டு மண்சட்டிகளில் காய்கறித் தோலையும் சோற்றையும் போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்தார். ஒன்றில் குளிர்க் கிருமி, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்தில் கிருமி போட்ட சட்டி கறுத்துப் பொடிந்துவிட்டது. மற்றதில் தக்காளித் தோலின் சிவப்புகூட மாறவில்லை. அதன் பிறகு கொடைக்கானலில் ஒரு மாணவர் விடுதியின் சமையற்கட்டுக்குப் பின்னால் இடம் கேட்டு வாங்கினார். டிசம்பரில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற இடம் அது. விடுதிக் குப்பையை இரண்டு குவியலாகப் போட்டு, வைக்கோலும் சாக்கும் மூடி, ஒன்றில் மட்டும் கிருமியைக் கலந்தார். கல்லூரியில் அரை நாள் விடுப்பு, முழு நாள் விடுப்பு என்று கெஞ்சி வாங்கி மலைக்கும் மதுரைக்கும் அலைந்தார். இப்படி மூன்று குளிர்காலம். முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருடம் குவியலைக் காட்டுப்பன்றி கலைத்துவிட்டது.

மூன்றாம் வருடம் ஜனவரியில் ஒருநாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே வந்து நின்றார். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருந்தார். கர்ச்சீப்பை அவிழ்த்துக் காட்டினார். கறுப்பாக, காப்பித்தூள் போல் ஒரு பிடி.

“மோந்து பாருங்க பாய்.”

மோந்தேன். உழுது போட்ட வயல் மாதிரி வாசனை. அழுகல் நாற்றம் துளியும் இல்லை.

“வெளிய பனி உறைஞ்சு கெடக்கு. குவியலுக்குள்ள தெர்மாமீட்டர் நாப்பதுக்கு ஏறிருச்சு. சாக்கத் தூக்குனா ஆவி வருது. பக்கத்துக் குவியல் ஐஸா கெடக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நான் சொல்ல வெட்கப்படுகிற ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என்னிடம் ஒரு உதவி கேட்டார். கிருமிக் குழாய்களில் இன்னொரு வரிசை போட்டுத் தருகிறேன், உங்களிடம் உள்ள ஃப்ரிட்ஜில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள், காலேஜ் பெட்டியை நம்ப முடியவில்லை என்றார். அப்போது என் வீட்டில் சொந்தமாக ஒரு ஃப்ரிட்ஜ் வைத்திருந்தேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் மனைவி ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். பிள்ளைகள் குடிக்கிற பால் இருக்கிற பெட்டியில் கிருமியா என்று கேட்டாள். அது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளிடம் எடுத்துச் சொல்ல நான் முயற்சி செய்யவில்லை. உள்ளுக்குள் எனக்கும் ஒரு அருவருப்பு இருந்தது. மறுநாள் டீச்சரம்மாவிடம், “வீட்ல பயப்படுறாங்க” என்றேன். “சரி பாய், சின்னப் பிள்ளைக இருக்கிற வீடு” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார். குவியல் மக்கி முடியும் வரை சூட்டை அளந்து எழுத வேண்டும், இனிமேல் நடுவில் ஒருநாள் விட்டாலும் கணக்கு நிற்காது என்றார்.

அவர் போய்ப் பத்து நாள் இருக்கும். சோழவந்தானிலிருந்து அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என் கடையைத் தேடி வந்தார். டீச்சரம்மா அவசரத்துக்கு என் கடை விலாசத்தைத்தான் கொடுத்து வைத்திருந்தார்.

“அவுக அம்மா கொடிக்கால்ல ஏணியில இருந்து விழுந்துருச்சு பாய். நெனவு வருது போகுது. பிள்ளை எங்க பிள்ளை எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. டாக்டரு கையை விரிச்சுட்டாரு. நீங்கதான் எப்படியாச்சும் சொல்லணும்.”

அன்றைக்கே பஸ் ஏறினேன். மலையில் இறங்கும்போது பிற்பகல். அந்தக் குளிருக்கு என்னிடம் ஒரு துண்டைத் தவிர வேறொன்றும் இல்லை. விடுதியின் பின்பக்கம் அவர் இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, ஒரு ஆணின் கோட்டைப் போட்டுக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். முகம் ஒருமுறை அசைந்தது. பிறகு எழுந்து சாக்கைத் தூக்கித் தெர்மாமீட்டரை உருவிப் பார்த்தார்.

“இன்னைக்குத்தான் சூடு எறங்க ஆரம்பிச்சிருக்கு பாய். இன்னும் நாலு நாள். முழுசா எறங்குறத எழுதிட்டா இந்த வருசக் கணக்கு முடிஞ்சிரும். நாலு நாள்ல வாரேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க.”

“டீச்சரம்மா, டாக்டரு கையை விரிச்சுட்டாரு.”

“கேட்டுச்சு பாய்.”

“நான் இங்க இருந்து எழுதுறேன். எத்தன மணிக்குப் பாக்கணும்னு சொல்லுங்க. நீங்க கெளம்புங்க.”

“உங்களுக்குத் தெரியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. “நான் இருக்கேன். நீங்க போங்க.”

அவரைப் பற்றி என் மனதில் இருந்த மதிப்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியது போல இருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கிழவிக்கு என்ன பதில் சொல்வது என்பதே எண்ணமாக இருந்தது. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் அம்மா இறந்துவிட்டார். கொள்ளிவைக்கப் பிள்ளை இல்லாததால் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் வைத்தான். ஐந்தாம் நாள் டீச்சரம்மா வந்து சேர்ந்தார். நானும் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் அவரைக் கட்டிப்பிடித்து அழவில்லை. வழியும் விடவில்லை. அவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

“பெத்தவளவிட அப்படி என்னடி ஒனக்குக் குப்பை?” என்று ஒரு அத்தை கேட்டார்.

“தம்பி சாகும்போது பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல அத்தை. அம்மாவுக்கு நீங்க இம்புட்டுப் பேர் இருந்தீங்க.”

எனக்கு அவர் பக்கத்தில் போய் நிற்கப் பிடிக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வருடம் மார்ச்சில் கல்லூரியில் ஆண்டு விழா. டீச்சரம்மாவை மாணவர்களோடு பக்கத்து ஊருக்குச் செடி சேகரிக்க இரண்டு நாள் அனுப்பியிருந்தார்கள். விழாவுக்கு வருகிற விருந்தினர்களுக்கு ரோஸ் மில்க் குளிர வைக்க வேண்டும் என்று யாரோ ஆய்வக ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்து மேற்கு ஜன்னல் ஓரம் அடுக்கிவிட்டார்கள். விழா முடிந்த பிறகு எடுத்து வைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு நாளும் பிற்பகல் வெயில் முழுக்க அந்த ஜன்னலில்தான்.

ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று மறுநாள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது அவரும் அப்போதுதான் வந்திருந்தார். ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். குழாய்களுக்குள் ஜெல்லி உருகிச் சுருங்கி, மஞ்சளாகக் காய்ந்து போயிருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துறைத் தலைவர் வந்தார்.

“சரி, விடும்மா. மண்ணுதானே. மறுபடி போய் எடுத்துக்கிட்டா போச்சு.”

“மூணு வருசம் சார்.”

“விழான்னா நாலு பேரு நாலு வேலை பார்ப்பாங்க. நீயும் இன்னொரு செட்டு வேற இடத்துல வச்சிருக்கணும்ல.”

நான் கம்ப்ரஸருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. எல்லாக் குழாய்களையும் தொட்டிக்குக் கொண்டுபோய், ஜெல்லியைச் சுரண்டி எடுத்து, பிரஷ் போட்டுக் கழுவி, கவிழ்த்து வைத்தார். முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அம்மா செத்த வீட்டில் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கேயோ போய்விட்டது.

அடுத்த டிசம்பரில் மறுபடி மண் எடுத்தார். இந்த முறை முன்போலப் பொறுமை இல்லை. குழாய்களில் வளர்ந்ததும், கல்லூரிக்குச் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூன் மாதம் பாதை திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொண்டு, தம்பி செத்த இடத்துக்கே கிளம்பினார். ரயிலில் மூன்று நாள், அப்புறம் பஸ், அப்புறம் லாரி. ஃபிளாஸ்க்குக்கு எந்தெந்த ஸ்டேஷனில் ஐஸ் கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஃபிளாஸ்க்குக்கு வெளியே தெர்மக்கோல் பெட்டி செய்து கொடுத்தது நான்தான். அதையாவது செய்தேன்.

நவம்பரில் திரும்பி வந்தார். கடை வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. முகம் கருகி உரிந்திருந்தது. இடது கையில் இரண்டு விரல் நுனி செத்துக் கறுத்துப் போயிருந்தது. அதே ஸ்டூலை எடுத்துப் போட்டேன். டீ வாங்கி வரச் சொன்னேன்.

“கேம்ப் இல்ல பாய். பாலம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. தகரத்தையும் கழட்டிட்டாங்க. ஆனா ஓடையில எறங்குனது போக மிச்சக் குவியல் இருக்கு. இத்தன வருசத்துக்கு அப்புறமும் இருக்கு. முட்டைக்கோஸ் மட்டை, கோணிச் சாக்கு, பருப்பு, மத்ததெல்லாம். அப்படியே இருக்கு.”

“கிருமியப் போட்டீங்களா?”

“போட்டேன். தண்ணி தெளிச்சு, வைக்கோல் மூடி, எல்லாம் செஞ்சேன். அறுபது நாள் பக்கத்துலயே கெடந்தேன்.”

“ஏறுச்சா?”

“ஏறல. எட்டு டிகிரிக்கு வந்துச்சு. அதோட நின்னுருச்சு. கொடைக்கானல் குளிரு வேற, அந்தக் குளிரு வேற.”

டீ வந்தது. குளிர்காய்கிற மாதிரி டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் தங்குன கிராமம், கேம்ப்ல இருந்து நாலு மைலு. முப்பது வீடு. நூறு வருசமா அந்தக் குளிர்லதான் இருக்காங்க. ஓடைத் தண்ணி கண்ணாடியா இருக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் வாரதில்ல. எப்படின்னு பாத்தேன் பாய். வீட்டுக்கு வீடு மாடியில கக்கூஸுக்கு ஒரு ரூம்பு. நடுவுல ஓட்டை. மூலையில மண்ணு குமிச்சு வச்சு ஒரு மம்பட்டி. போயிட்டு, மண்ண அள்ளித் தள்ளி விடுறாங்க. அடுப்புச் சாம்பலையும் போடுறாங்க. கீழ் ரூம்புல ஒரு வருசம் கெடக்குது. மெதுவா மக்குது. வெட்டியெடுத்து வயலுக்குப் போடுறாங்க. கிருமி அந்த மண்ணுலயே இருக்கு. நான் இங்க இருந்து ஃபிளாஸ்க்குல தூக்கிக்கிட்டுப் போயிருக்கேன்.”

சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

“நாலு மைலுதான். கான்ட்ராக்டரோ மேஸ்திரியோ ஒருத்தரும் போய்க் கேக்கல. ஒரு குழி வெட்டி, தெனம் ஒரு மம்பட்டி மண்ணு போட்டிருந்தா போதும். கிருமி இல்லாமச் சாகல பாய் என் தம்பி. மண்ணள்ளிப் போட ஆளில்லாமச் செத்திருக்கான்.”

“அப்ப கொடைக்கானல்ல நீங்க பண்ணுனது?” என்றேன்.

“அது பொய் இல்ல. அங்க மக்குச்சு. அது நெசம்.” டம்ளரைக் கீழே வைத்தார். “ஆனா அதுக்கு ஒரு அவசரமும் இல்ல. அந்த நாலு நாள் நான் அம்மாகிட்ட வந்திருக்கலாம்.”

நானும் அன்றைக்கு அந்தக் குழாய்களை வாங்கி வைத்திருக்கலாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை, எனக்குத்தான் பாரம் குறையும் என்று தோன்றியதால் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் எழுந்து, தெர்மக்கோல் பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, “போறேன் பாய்” என்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. கல்லூரியின் அந்தப் பழைய ஃப்ரிட்ஜைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வருடத்துக்கு ஓரிரு தடவை அதை ரிப்பேர் பார்க்கப் போவேன். ஆய்வகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் மாணவர்களுக்கு இலையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துக் காட்டிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார். நாலு மணிக்கு மணி அடிக்கும். அவர் மேஜையிலிருப்பதை அப்படி அப்படியே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முதலில் வெளியே போய்விடுவார்.